சந்தனச் சேலையில் வண்டி மசகு

எங்கள் ஊரில் செவ்வந்தி வீடு எது என்று கேட்டால், "எந்தச் செவ்வந்தி?" என்பார்கள். "வெள்ளை வேட்டி அரங்கநாதன் பொண்டாட்டி" என்றால் உடனே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விடுவார்கள். வேட்டிக்கு இருக்கிற மரியாதை அதைத் துவைக்கிறவளுக்கு இல்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லித் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அப்போது ஊர் போஸ்ட் மாஸ்டர். ரிஷிவந்தியத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி எங்கள் ஊர். என் வீட்டு முன்னறைதான் தபாலாபீஸ். எதிர் வீடு அரங்கநாதன் வீடு. ஜன்னலைத் திறந்தால் அவர்கள் கிணற்றடி தெரியும். துவைக்கிற கல்லும் தெரியும். பதினைந்து வருஷம் அந்தக் கல்லில் செவ்வந்தி துணி அடித்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தபாலுக்கு முத்திரை குத்தினேன்.

அரங்கநாதனுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கட்டை வண்டியும் இருந்தன. ஆனால் நிலத்தில் இறங்கினால் வேட்டி அழுக்காகும், வண்டி ஓட்டினால் வேட்டி கசங்கும். அதனால் கல்யாணம் பேசுவது, பாகப்பிரிவினை பேசுவது, இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் நின்று மூன்றாவது ஆளாகப் பேசுவது, இதெல்லாம்தான் அவன் தொழில். அதற்கு வெள்ளை வேட்டி வேண்டும். வேட்டியில் ஒரு பொட்டு கறை இருந்தால் பேச்சு எடுபடாது என்பது அவன் சித்தாந்தம்.

ஒரு கைக்குட்டையைக்கூட அவன் துவைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் சோப்பைப் பற்றி அவனுக்குத் தெரியாதது கிடையாது. எல்லாம் ரேடியோ சொல்லிக் கொடுத்த படிப்பு. புதிதாக ஒரு சோப்புத்தூள் வந்தால் இரண்டு விரலில் எடுத்துத் தேய்ப்பான், முகர்வான், கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவான். மஞ்சள் பாக்கெட்டுக்கு நுரை ஜாஸ்தி, வேலை கம்மி. பார் சோப்பு கையைக் கடிக்கும், ஆனால் காலரைப் பிடிக்கும். நீலப் பாக்கெட் பணக்காரச் சரக்கு. இப்படி டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசுவான். கறை போனால் தூளின் சாமர்த்தியம். போகாவிட்டால் செவ்வந்தியின் கைக்கோளாறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடாதவனே கூடத்துக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தான்.

செவ்வந்தி எதிர்த்துப் பேசமாட்டாள். தியாகதுருகம் பக்கத்துப் பெண். பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யை நல்ல மார்க்கில் பாஸ் செய்தவள். டீச்சர் டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். இடமில்லை என்று ஒரு கார்டு வந்தது. "என் பேருக்கு வந்த மொதல் தபாலும் அதுதாண்ணா, கடைசித் தபாலும் அதுதான்" என்று ஒரு தரம் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். யோசித்துப் பார்த்தேன். நிஜம்தான். என் கை வழியாக அந்த வீட்டுக்கு வந்த தபால் எல்லாம் அரங்கநாதன் பேருக்கு. பொங்கல் வாழ்த்துகூட 'அரங்கநாதன் குடும்பத்தார்' என்றுதான் வரும்.

எண்பத்தேழாம் வருஷம் வந்தது. புரட்டாசி மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு வாரம் ரோட்டை மறிப்பது என்று எங்கள் சாதிச் சங்கம் முடிவு செய்திருந்தது. படிப்பிலும் வேலையிலும் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று கோரிக்கை. ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வாரத்தில் வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை, அதைச் சிரிக்கிறவன் மனுஷனில்லை. நான் சிரிப்பது எங்கள் ஊரைப் பார்த்து, என்னையும் சேர்த்து.

எங்கள் ஊர்க் கிளைத் தலைவர் பூமாலை. தலைமுறையாக வண்டி ஓட்டுகிற குடும்பம். முதல் தேதி காலையில் தெருவில் நின்று குரல் கொடுத்தார்.

"வூட்டுக்கு ஒரு ஆளு வரணும்! வண்டி இருக்கிறவன் வண்டியோட வரணும்! ரோட்டுக்குக் குறுக்கால நிறுத்தணும்!"

பூமாலை குரல் கேட்டதும் அரங்கநாதன் என்ன செய்தான் என்பதை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். நான் அரசாங்க உத்தியோகஸ்தன் அல்லவா, ரோட்டுக்குப் போகக் கூடாது. போகக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்ததில் எனக்கு உள்ளூர எவ்வளவு நிம்மதி என்பதை இத்தனை வருஷம் கழித்து ஒத்துக்கொள்கிறேன். அரங்கநாதனுக்கு அந்தச் சட்டமும் இல்லை. அவன் கொல்லையில் நிறுத்தியிருந்த வண்டிக்கு அடியில் புகுந்து, முன்னால் வைக்கோலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நான் இல்லன்னு சொல்லிடு. அசலூரு போய்க்கிறேன்னு சொல்லு" என்று வைக்கோலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

செவ்வந்தி சொன்னாள்: "ஆளு இல்லன்னு சொல்லிடலாம். வண்டி இல்லன்னு எப்படிச் சொல்றது? தெருவுலேருந்தே தெரியுதே."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது சந்தன நிறச் சேலை. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவைக் கூப்பிட்டாள். பிறகு வைக்கோல் பக்கம் குனிந்து புருஷனிடம் சொன்னாள்.

"ஏங்க, வெளியில வாங்க. வண்டிய எடுக்கப் போறோம்."

அவன் கையும் காலும் ஊன்றிப் பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தான். வந்த அவசரத்தில் பின்புறம் வண்டி அச்சில் தேய்ந்தது. எங்கள் பக்கத்தில் அச்சுக்குப் போடுகிற மசகு என்றால், வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த கரிக்குழம்பு. ஒரு தரம் துணியில் பட்டால் ஜென்மத்துக்கும் போகாது என்பார்கள். அரங்கநாதன் வேட்டியில் சரியாக உட்காருகிற இடத்தில், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது அப்பிக்கொண்டது. அதைக்கூடக் கவனிக்காமல் ஏணியில் ஏறிப் பரணுக்குள் மறைந்தான்.

பெண்கள் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளினார்கள். தெருமுனைச் சாக்கடைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கிவிட்டது. செவ்வந்தி குனிந்து, கடையாணிப் பக்கம் தோளைக் கொடுத்து எக்கினாள். வண்டி ஏறியது. நிமிர்ந்தபோது அவள் தோளில் வட்டமாக, ஒரு சின்னத் தட்டு அளவுக்குக் கறை. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டாள்.

ஏழு நாள் அவள் காலையில் போய்ச் சாயங்காலம் வந்தாள். வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தாள். "நீ இன்னாத்துக்கும்மா இங்க உக்காந்துக்கினு இருக்கே?" என்று யாரோ கேட்டதற்கு, "எனக்கு ஒரு சீட்டு கெடைக்கல. இனிமே வர்றதுங்களுக்காவது கெடைக்கட்டும்" என்றாளாம். இதைச் சின்னப்பொண்ணு வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே முத்திரை குத்தினேன்.

எட்டாம் நாள் வண்டிகளை எடுத்தார்கள், பஸ் ஓடியது. கூடவே ஒரு வதந்தியும் வந்து இறங்கியது. துணியில் மசகுக் கறை இருக்கிற ஆளையெல்லாம் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறதாம். யார் சொன்னது? உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்த ஒருவருக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த ஒருவர் சொன்னது. போதாதா? ஊர் முழுக்க ஏரிக்கரையில் கூடிவிட்டது. ஒரு வாரம் ரோட்டில் சிங்கமாக உட்கார்ந்திருந்தவன் எல்லாம் கோவணத்தோடு நின்று வேட்டியைக் கும்மினான். கறை போகவில்லை, பரவியது. பயத்தில் வெயிலில் காயவைத்தார்கள், கறை இன்னும் கெட்டியாக உட்கார்ந்தது. சிலர் வேட்டியைக் கொளுத்தியே விட்டார்கள்.

ரோட்டுப் பக்கமே போகாத அரங்கநாதனுக்குத்தான் எல்லோரையும்விட நடுக்கம். செய்யாத குற்றத்துக்குச் சாட்சி அவன் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேட்டியை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினான். என்னையும் துணைக்கு இழுத்துப் போனான், போஸ்ட் மாஸ்டர் கூட இருந்தால் போலீஸ் பையைத் திறக்கச் சொல்லாதாம். வழியில் காக்கிச்சட்டை தெரியும்போதெல்லாம் பையை என் மடியில் வைத்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நூர் முகமது பாய் கடை. சோப்பு, சோடா உப்பு, சொட்டு நீலம், சீயக்காய் எல்லாம் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்பார். கடையில் அன்று கூட்டம். பாய் வேட்டியை விரித்துப் பார்த்தார். கறை இருக்கிற இடத்தையும் பார்த்தார், அரங்கநாதனையும் பார்த்தார். வியாபாரி, ஒன்றும் கேட்கவில்லை.

"தண்ணி காட்டினீங்களா?"

"இல்ல பாய். அப்படியே எடுத்தாந்துட்டேன்."

"அல்லா காப்பாத்தினான். எண்ணெய்க் கறைக்கு மொதல்ல தண்ணி பட்டா வேல கெட்டுது. வெயிலும் ஆகாது, இஸ்திரிப் பொட்டியும் ஆகாது. காய்ஞ்ச மாவப் போட்டு எண்ணெய உறிய வுடணும். அப்புறம் மண்ணெண்ணெயத் தொட்டுப் பின்பக்கமா ஒத்தி எடுக்கணும். கடைசியிலதான் சோப்பு."

"சோப்புன்னா எது பாய்? நீலப் பாக்கெட் தானே?"

"எதப் போட்டாலும் போவும். உங்க வூட்ல தலைக்கு எண்ணெய் வெச்சா அம்மா எதப் போட்டுத் தேய்க்கிறாங்க? சீயக்கா தானே? எண்ணெய எடுக்கிற சரக்கு அது. வூட்ல கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்."

அரங்கநாதனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் கேட்பதற்கா கள்ளக்குறிச்சி வரை வந்தான்? நீலப் பாக்கெட் இரண்டு, மஞ்சள் ஒன்று, பார் சோப்பு ஒன்று என்று வாங்கிக்கொண்டான். பாய் சொன்னது ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை.

ஊருக்கு வந்ததும் நான்கையும் கிணற்றடியில் வரிசையாக வைத்து, எதை எப்போது போட வேண்டும் என்று செவ்வந்திக்கு வகுப்பு எடுத்தான். அவள் "சரிங்க" என்றாள். அவன் உள்ளே போனதும் கோலமாவை எடுத்துக் கறைமேல் தூவினாள். அப்புறம் மண்ணெண்ணெய். அப்புறம் சீயக்காயை வெந்நீரில் குழைத்துத் தேய்த்தாள். கடைசியில் மஞ்சள் பாக்கெட்டில் ஒரு கைப்பிடி. பாய் சொன்னதைக் கேட்காமலே அவளுக்கு அது தெரிந்திருந்தது. மூன்றாம் தண்ணீரில் வேட்டி கல்யாணத்தன்று வந்தது போல வந்தது. நீலப் பாக்கெட்டின் வாயைக்கூட அவள் கிழிக்கவில்லை. மறுநாள் டீக்கடையில் அரங்கநாதன், "சொன்னேன்ல, நீலம் நீலம்தான்" என்றான். ஆறு பேர் ஓடிப்போய் வாங்கினார்கள்.

"உன் புடவையையும் தொவைச்சிடு. கறையோட கெடக்குது பாரு" என்றான் அவளிடம்.

"பொம்பள புடவைய எவன் பாக்கப் போறான்" என்று சொல்லி, அதை மடித்து டிரங்குப் பெட்டியில், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்த வதந்தி பொய் என்று பத்து நாளில் தெரிந்தது. ஐப்பசியில் இன்னொரு செய்தி வந்தது. போராட்டத்தில் கலந்துகொண்டவர்கள் பட்டியலைக் கிளை கிளையாக அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம். பட்டியலில் இருப்பவர்களுக்குப் பாராட்டுப் பத்திரமும் ஒரு துண்டும் கிடைக்கும். கடிதத்தில் இருந்தது அவ்வளவுதான், பிரித்துப் படித்துக் காட்டியவன் நான். ஆனால் அது டீக்கடையைத் தாண்டும்போது பிள்ளைகளுக்குக் காலேஜ் சீட் ஆனது, கோயிலைத் தாண்டும்போது சர்க்கார் வேலை ஆனது, ஏரியைத் தாண்டும்போது ஆயுசுக்கும் பஸ் பாஸ் ஆனது. ரோட்டுக்கு வந்தவர்கள் முப்பது பேர். பேர் கொடுக்க வந்தவர்கள் நூற்றுப்பத்து.

பூமாலை யோசித்து ஒரு விதி போட்டார். "வண்டி தள்ளினவனுக்குத் துணியில கறை இருக்கும். எடுத்தாந்து காட்டுங்க. கறை இல்லாதவன் பேரு இல்ல."

ஊரே தலையில் கை வைத்தது. கறையைத்தான் அடித்துத் துவைத்து, கொளுத்தி, மிச்சம் மீதி இல்லாமல் ஒழித்தாயிற்றே! துவைக்கச் சோம்பல்பட்டவன் எல்லாம் அன்றைக்குத் தியாகி. மற்றவர்கள் கொல்லைக்கு ஓடி, வண்டியின் மசகுக் குழாயில் கை விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். எழுதுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். கையெழுத்து நன்றாக இருக்குமாம். ரோட்டுக்குப் போகத்தான் சட்டம் குறுக்கே நின்றது, பட்டியல் எழுத நிற்கவில்லை. மேஜை போட்டு உட்கார்ந்தேன். பூமாலை ஒவ்வொரு துணியாக வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார். வண்டிக்காரர், அவரை ஏமாற்ற முடியுமா? "இது நேத்து வெச்சது. இது காலையில வெச்சது. இது இன்னும் காயல, போ அந்தாண்ட."

அரங்கநாதன் முறை வந்தது. நெஞ்சை நிமிர்த்தி வேட்டியை விரித்தான். கறை எந்த இடத்தில் இருந்தது என்பதை அவன் மறக்கவே இல்லை. இம்மி பிசகாமல், பழைய இடத்திலேயே, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

பூமாலை வேட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா அரங்கநாதா, நீ வண்டிய குண்டியாலயா தள்ளின?"

கோயில் புறாக்கள் பறக்கிற அளவுக்குச் சிரிப்பு. அரங்கநாதன் முகம் செத்துப்போனது. வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். கையில் சந்தனச் சேலை. பின்னாலேயே செவ்வந்தி, ஈரக் கையோடு, மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"இதப் பாருங்க. எங்க வூட்டுக் கறை" என்றான்.

பூமாலை சேலையை வாங்கினார். தோள் பக்கத்தில் வட்டமாக, ரோட்டுப் புழுதியோடு இறுகிப்போன கறை. கடையாணி முட்டிய தழும்புகூடத் தெரிந்தது. அவர் முகரவில்லை. "இதான் கறை" என்று மெதுவாகச் சொன்னார்.

நான் பேனாவை எடுத்தேன். "யார் பேரு எழுதறது?"

"என் பேருதாண்ணா. செவ்வந்தின்னு எழுதுங்க" என்றாள். நல்ல தெளிவான குரல். வகுப்பில் ஆஜர் சொல்கிற பிள்ளையின் குரல் போல இருந்தது.

பூமாலை தலையைச் சொறிந்தார். "அதில்லம்மா... நீ வந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனா பாரத்துல குடும்பத் தலைவர் பேருன்னு போட்டிருக்கு. பொம்பள பேரு போட்டா மேல இன்னா ஏதுன்னு கேப்பாங்க. புருஷன் பேருல இருந்தா இன்னா, உன் பேருல இருந்தா இன்னா. எல்லாம் ஒன்னுதானே?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஜன்னல் வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்தவன் என்று அவளுக்குத் தெரியும். "மாஸ்டர், நீங்க சொல்லுங்க" என்று யாரோ கேட்டார்கள். நான் இரண்டு வரி பேசியிருந்தால் போதும். நான் பேசவில்லை. பாரத்தில் இருக்கிறபடிதானே எழுத முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 'அரங்கநாதன்' என்று எழுதினேன். கையெழுத்து மிக அழகாக வந்தது.

செவ்வந்தி சேலையை வாங்கி மடித்துக்கொண்டு போனாள்.

தை மாதம் பதிவுத் தபாலில் பத்திரம் வந்தது. அரங்கநாதன் திருக்கோவிலூருக்குக் கல்யாணம் பேசப் போயிருந்தான். எதிர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"யாரு பேருக்குண்ணா?"

"அரங்கநாதன் பேருக்கு. நீ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்மா."

"அந்த ஆளு அன்னிக்கு ரோட்ல இல்ல. ஆளு இல்லன்னு எழுதித் திருப்பி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திருப்பி அனுப்ப எனக்குத் தைரியம் ஏது? சாயங்காலம் அவன் வந்ததும் கொடுத்தேன். கண்ணாடி போட்டு மாட்டினான். அன்றிலிருந்து செவ்வந்தி அவன் வேட்டியைத் தொடுவதை விட்டுவிட்டாள். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. தன் துணி, பாத்திரம், சோறு எல்லாம் வழக்கம் போல. வேட்டி மட்டும் கிணற்றடியில் அப்படியே கிடந்தது. நீலப் பாக்கெட் இரண்டையும் அதன்மேல் வைத்திருந்தாள்.

இரண்டு வாரம் பார்த்துவிட்டு அரங்கநாதனே கல்லண்டை இறங்கினான். எல்லாச் சோப்பும் தெரிந்தவன் அல்லவா? நீலத்தை அரைப் பாக்கெட் கொட்டினான். சொட்டு நீலத்தைச் சொட்டாமல் கவிழ்த்தான். வேட்டி வானத்து நிறத்தில் வந்தது, அடுத்த வாரம் சாம்பல் நிறம், அதற்கடுத்த வாரம் அது என்ன நிறம் என்று ஊரில் இரண்டு கட்சி ஆனது. அவனைக் கல்யாணம் பேசக் கூப்பிடுவதும் மெல்லக் குறைந்தது. டீக்கடையில் சோப்பைப் பற்றி அவன் பேசினால் எல்லோரும் அவன் வேட்டியைப் பார்த்தார்கள்.

எனக்கு மட்டும் தூக்கம் சரியாக இல்லை. மாசி மாதத்தில் ஒரு நாள் ஒரு கார்டை எடுத்து, 'திருமதி செவ்வந்தி, எஸ்.எஸ்.எல்.சி.' என்று விலாசம் எழுதினேன். பின்பக்கம் நான்கு வரி: புரட்டாசி முதல் தேதி இந்த ஊரில் வண்டியை ரோட்டுக்குத் தள்ளிப் போனது நீங்கள். ஏழு நாளும் உட்கார்ந்திருந்தது நீங்கள். பார்த்தவன் நான். கையெழுத்து, போஸ்ட் மாஸ்டர். முத்திரை குத்தி, நானே தெருவைத் தாண்டிப் போய்க் கொடுத்தேன்.

விலாசத்தை முதலில் படித்தாள். விரலால் ஒரு தரம் தடவினாள். கார்டைத் திருப்பி நான்கு வரியையும் நிதானமாகப் படித்தாள். நன்றி சொல்வாள் என்று நின்றுகொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

"நல்லா எழுதியிருக்கீங்கண்ணா" என்றாள். பிறகு கார்டை என் கையிலேயே வைத்தாள்.

"அன்னிக்குக் கோயிலாண்ட நூறு பேரு இருந்தாங்க. அங்க இத எழுத உங்களுக்குக் கை வரலியா?"

கார்டோடு தெருவைத் தாண்டி வந்து ஜன்னலண்டை உட்கார்ந்தேன். எதிரே அரங்கநாதன் வேட்டியைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தான்.